செம்பனைத் தோட்டத்திலிருந்து விண்வெளி வானிலையைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், பகாவ் வட்டாரத்தில் சிறுதோட்டக்காரர்களின் நிலத்தை அளப்பதும், மருந்து தெளிக்கும் டிரோன்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பதும் என் வேலை. சூரியன் சூடு பிடித்த 2023, 2024 ஆண்டுகளில் பிற்பகலிலும் மாலையிலும் ஜிபிஎஸ் கருவிகள் தடுமாறின. கருவி விற்றவர் ஆண்டெனாவைக் குறை சொன்னார். இன்னொருவர் சிம் கார்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார். சூரியனையும் ஒரு பார்வை பாருங்கள் என்று சொல்ல ஆளில்லை. சூரியனில் நடப்பவை பூமியைச் சுற்றியுள்ள வெளியைக் கலக்கி, ஜிபிஎஸ், வானொலி போன்றவற்றைத் தொந்தரவு செய்வதைத்தான் விண்வெளி வானிலை என்கிறோம். ஆங்கிலத்தில் கிடைத்த விளக்கங்கள் அலாஸ்காவுக்கும் நார்வேக்கும் எழுதியவை. தமிழில் தேடினால் பூமி அழியப்போகிறது என்ற காணொளிகள்தான் வந்தன. நீங்களும் அந்தக் குழப்பத்தில் அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூரியப் புயல் என்றால் உலகம் முழுக்கப் பேசுகிற கேபி என்ற எண் ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு அந்த எண் இரண்டாம் பட்சம். நம் வேலையைக் கெடுப்பவை வேறு. அவை எந்த மாதத்தில், எந்த மணியில் வரும் என்பதைப் பெருமளவு முன்கூட்டியே சொல்லலாம்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். தொடங்குவதற்கு ஒரு காசும் ஆகாது. இணையம் உள்ள கைப்பேசியும், தினமும் பத்து நிமிடமும், ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

1. எதற்காகப் பார்க்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

இதைச் செய்யாமல் தொடங்கினால் படங்களும் வளைகோடுகளும் சேர்ந்து தலையைச் சுற்றவைக்கும்.

டிரோன், நில அளவை, தானியங்கி டிராக்டர் என்று ஜிபிஎஸ்ஸை நம்பிய வேலை என்றால், உங்களுக்கு வேண்டியது அயனிமண்டலத்தின் நிலை. அதாவது தரையிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டருக்கு மேலே, சூரிய ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கு. சிற்றலை வானொலி கேட்பவர் என்றால் சூரியச் சுடர்கள், அதாவது சூரியனில் திடீரென்று எழும் வெடிப்புகள்தாம் முக்கியம். பள்ளியில் அறிவியல் கழகம் நடத்தும் ஆசிரியர் என்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பார்க்கலாம்.

கைப்பேசி அழைப்பு, வீட்டு இணையம், மின்தடை இவற்றுக்காக மட்டும் பார்க்க வந்திருந்தால், இந்த ஊரில் அது வீண் உழைப்பு. 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக்கில் காந்தப் புயலால் 60 இலட்சம் பேருக்கு 9 மணி நேரம் மின்சாரம் போனது உண்மை. அது துருவத்துக்கு நெருங்கிய இடம். பகாவில் விளக்கு அணைந்தால் முதலில் இடியையும் மின்னலையும் பாருங்கள்.

2. ஆர், எஸ், ஜி என்ற மூன்று அளவுகோல்கள்

அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள விண்வெளி வானிலை முன்னறிவிப்பு மையம்தான் அதிகம் பயன்படுத்தப்படும் அறிக்கைகளை வெளியிடுகிறது. அது விளைவுகளை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பிடுகிறது.

ஆர் என்பது வானொலி மங்கல். சூரியச் சுடரின் எக்ஸ் கதிர் 8 நிமிடங்களில் நம்மை வந்து சேர்ந்து, அயனிமண்டலத்தின் கீழடுக்கைத் தடிக்கச் செய்கிறது. சிற்றலை அதில் உறிஞ்சப்பட்டுவிடும். சுடரின் வலிமையை எம், அதைவிடப் பெரிய எக்ஸ் என்று வகை பிரித்து எண் போடுவார்கள். சுடர் எம்1 அளவைத் தொட்டால் ஆர்1, எம்5 என்றால் ஆர்2, எக்ஸ்1 என்றால் ஆர்3, எக்ஸ்10 என்றால் ஆர்4, எக்ஸ்20 என்றால் ஆர்5. சுடர் வெடிக்கும்போது பூமியின் எந்தப் பாதியில் பகலோ அங்கேதான் பாதிப்பு. சூரியன் நேர் உச்சியில் நிற்கும் இடத்தில் அது மிகக் கடுமையாக இருக்கும். நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒரு மணி வாக்கில். ஆகவே காலை 11 மணிக்கும் மாலை 3 மணிக்கும் இடையில் வரும் ஆர்3 சுடர், மலேசியாவில் சிற்றலையை ஒரு மணி நேரம் வரை முடக்கலாம்.

எஸ் என்பது கதிர்வீச்சுப் புயல். துருவ வழி விமானங்களுக்கும் விண்கலங்களுக்கும் உரியது. கோலாலம்பூரிலிருந்து சென்னைக்குப் பறப்பவர் இதை நினைத்துக் கலங்க வேண்டாம். அறிக்கைகளில் இதற்கான பகுதியை நான் தினமும் தாண்டித்தான் போகிறேன்.

ஜி என்பது பூமியின் காந்தப்புலத்தில் எழும் புயல். பெரும்பாலும் சூரியனிலிருந்து வீசப்பட்ட மின்மத் திரள் (மின்னேற்றம் பெற்ற வாயுத் திரள்) வந்து மோதுவதால் உண்டாவது. இதைக் கேபி என்ற எண்ணால் அளக்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, 0 முதல் 9 வரை. கேபி 5 என்றால் ஜி1, 6 என்றால் ஜி2, 7 என்றால் ஜி3, 8 என்றால் ஜி4, 9 என்றால் ஜி5. செய்திகளில் அடிபடுவது இந்த எண்தான். துருவ ஒளி எங்கே தெரியும் என்பதைச் சொல்ல இது நல்ல எண். நம் தலைக்கு மேலே என்ன நடக்கிறது என்பதை இது நேராகச் சொல்லாது. ஏன் என்பதை 6ஆம் படியில் விரிவாகச் சொல்கிறேன்.

3. எந்த அறிக்கைகளைப் படிப்பது

அந்த மையத்தின் பக்கத்தைத் திறந்தால் ஐம்பது வகைப் படங்கள் வந்து நிற்கும். அவற்றை விட்டுவிடுங்கள். எழுத்து வடிவில் வரும் மூன்று அறிக்கைகள் போதும். படமே இல்லாததால் தோட்டத்துக்குள் ஒரே ஒரு கோடு லைன் இருந்தாலும் திறந்துவிடும்.

முதலாவது மூன்று நாள் முன்னறிவிப்பு. ஒரு நாளைக்கு இரு முறை, யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 00:30க்கும் 12:30க்கும் வருகிறது. நம் கணக்கில் காலை 8:30, இரவு 8:30. மூன்று பகுதிகள் இருக்கும். முதல் பகுதியில் கேபி அட்டவணை, இரண்டாவதில் கதிர்வீச்சு, மூன்றாவதில் வானொலி மங்கலுக்கான வாய்ப்பு விழுக்காட்டில். நமக்கு முதலும் கடைசியும் போதும்.

இரண்டாவது முன்னறிவிப்பு விளக்கம். அதுவும் அதே நேரங்களில் வரும். எந்தக் கரும்புள்ளிக் கூட்டம் எப்படி இருக்கிறது, எந்தத் திரள் பூமியை நோக்கி வருகிறது, கணினி மாதிரிகளில் முன்னறிவிப்பாளருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை ஒரு மனிதர் உட்கார்ந்து எழுதியிருப்பார். மொழி கடினம்தான். ஆனாலும் விடாமல் படியுங்கள். அட்டவணை தராத ஒன்று இதில் கிடைக்கும்: எழுதியவரின் தயக்கம். வருகை நேரத்தில் உறுதியில்லை என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், அட்டவணையில் உள்ள எண்ணைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வேலை நாளை முடிவு செய்யாதீர்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், வீட்டில் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பிள்ளையோடு சேர்ந்து ஒரு வாரம் படித்துப் பாருங்கள். திரும்பத் திரும்ப வருவது முப்பது நாற்பது சொற்கள்தாம்.

மூன்றாவது 27 நாள் கணிப்பு. திங்கட்கிழமைதோறும் வரும். பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 27 நாள் ஆவதால், இந்த மாதம் சூரியக் காற்றை வீசிய ஒளிவளையத் துளை (சூரியனின் வெளிமண்டலத்தில் உள்ள திறப்பு) அடுத்த மாதமும் அதே வாக்கில் திரும்பிவரும். அந்த வகைச் சிறு கலக்கங்களுக்கு இது நன்றாகப் பயன்படும். சுடர்களுக்கும் திடீர்த் திரள்களுக்கும் இதை நம்பவே வேண்டாம்.

இவற்றோடு நம் தீர்க்கரேகைக்குப் பக்கத்தில் உள்ள நிலையங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜப்பானின் தகவல் தொடர்புத் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான என்ஐசிடி தினசரி முன்னறிவிப்பு தருகிறது. அவர்கள் மணி நம்மைவிட ஒரு மணி நேரம் முன்னால். சிற்றலைக்காரர்களுக்கு ஆஸ்திரேலிய வானிலைப் பணியகத்தின் விண்வெளி வானிலை மையம் நல்ல கணிப்புகளை வெளியிடுகிறது. தாய்லாந்தின் சும்போன், சுமத்திராவின் கோத்தோதபாங் ஆகிய இடங்களில் அயனிமண்டலத்தை அளக்கும் நிலையங்கள் உள்ளன. ஒன்று நமக்கு வடக்கே, ஒன்று தெற்கே. லங்காவியில் பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவியும் உண்டு.

4. மணியை மாற்றாமல் எந்த எண்ணையும் நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அமெரிக்க மையத்தின் எல்லா அறிக்கையும் யுடிசி நேரத்தில் இருக்கும். மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்ட வேண்டும். அட்டவணையில் 00–03 என்று இருந்தால் நமக்குக் காலை 8 முதல் 11. 09–12 என்றால் மாலை 5 முதல் இரவு 8. 12–15 என்றால் இரவு 8 முதல் 11. 15–18 என்றால் இரவு 11 முதல் பின்னிரவு 2. யுடிசி 16 மணியைத் தாண்டினால் நமக்குத் தேதியே மாறிவிடும்.

ஓர் எடுத்துக்காட்டு. 2024 மே மாதப் பெரும்புயல் 10ஆம் தேதி என்றே எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. அதிர்ச்சி அலை பூமியைத் தொட்டது யுடிசி 17 மணியளவில். அது நமக்கு 11ஆம் தேதி பின்னிரவு ஒரு மணி. ஜி5 அளவை எட்டியது யுடிசி 22:54. நமக்கு 11ஆம் தேதி காலை 6:54, பெரட்டு (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) முடிந்து ஆட்கள் நிரைக்குள் இறங்கியிருக்கும் நேரம். 10ஆம் தேதிப் பகலில் கருவி தகராறு செய்தது என்று யாராவது அந்தப் புயலைக் காரணம் காட்டினால், அப்போது புயல் இன்னும் வந்து சேரவே இல்லை.

எட்டு வரி அட்டவணையாக எழுதி, கைப்பேசி உறையின் உள்பக்கம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

5. மின்னஞ்சல் சந்தா

அமெரிக்க மையத்தின் அறிவிப்புச் சேவை இலவசம். அடையாள அட்டையோ கடன் அட்டையோ தேவையில்லை. ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடவுச்சொல்லும் போதும். பணம் கேட்டு வரும் எந்தச் ‘சூரியப் புயல் எச்சரிக்கை’ செயலிக்கும் கட்டணம் கட்டாதீர்கள். பெரும்பாலும் இதே தகவலைத்தான் வண்ணம் பூசித் தருகிறார்கள்.

அறிவிப்புகளில் மூன்று படிகள் உண்டு. ‘வாட்ச்’ என்றால் ஓரிரு நாளில் வரலாம். ‘வார்னிங்’ என்றால் நெருங்கிவிட்டது அல்லது தொடங்கப்போகிறது. ‘அலர்ட்’ என்றால் அளவீட்டில் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் தேர்வு செய்தால் அஞ்சல் பெட்டி நிரம்பிவிடும், பிறகு எதையும் திறக்க மாட்டீர்கள். எம்5 சுடர் அலர்ட், ஜி3 அல்லது அதற்கு மேற்பட்ட வாட்ச், கேபி 6 வார்னிங் ஆகிய மூன்றோடு தொடங்குங்கள். சுடர் பற்றிய அஞ்சல் இரவு ஏழரையிலிருந்து காலை ஏழு வரை வந்தால் திறக்கவே வேண்டாம். அப்போது நாம் பூமியின் நிழலில் இருக்கிறோம்.

இவை எவ்வளவு முன்னதாக வரும்? சுடருக்கு முன்னெச்சரிக்கையே கிடையாது. ஒளியும் செய்தியும் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன, வாய்ப்பு விழுக்காடு மட்டும்தான் முன்னால் தெரியும். திரள் பூமியை அடைய ஒரு நாள் முதல் மூன்று நான்கு நாள் வரை ஆகும், மிக வேகமானவை 15 முதல் 18 மணி நேரத்தில் வந்துவிடும். வருகை நேரக் கணிப்பு முன்னும் பின்னும் பத்து மணி நேரம் தவறுவது சாதாரணம். உறுதியான செய்தி கிடைப்பது 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் எல்1 என்ற புள்ளியில் நிற்கும் விண்கலங்களிலிருந்துதான். இந்தியாவின் ஆதித்யா எல்1கூட 2024 ஜனவரி முதல் அங்கேதான் இருக்கிறது. சூரியக் காற்று வினாடிக்கு 400 கிலோமீட்டரில் வந்தால் அங்கிருந்து பூமிக்கு ஒரு மணி நேரம், 800 என்றால் அரை மணி நேரம். அவ்வளவுதான் கையில் இருக்கும் அவகாசம்.

அந்த அரை மணியில் பார்க்க வேண்டியது பிஇசட் என்ற எண். திரள் சுமந்துவரும் காந்தப்புலம் தெற்கு நோக்கி இருந்தால் அந்த எண் கழித்தல் குறியோடு வரும். கழித்தல் பத்துக்குக் கீழே இறங்கி மணிக்கணக்கில் அங்கேயே நின்றால் புயல் உறுதி. வடக்கு நோக்கி இருந்தால், பெரிதாக அறிவித்த திரள்கூடச் சத்தமில்லாமல் கடந்துபோகும். சூரியனிலிருந்து கிளம்பும்போது அதன் திசையைச் சரியாகச் சொல்ல இன்றைக்கும் வழியில்லை. ஆகவே முன்னறிவிப்பு பொய்த்துப்போனால் முன்னறிவிப்பாளரைத் திட்டாதீர்கள். 2024 மேயில் வாட்ச் ஜி4 என்றுதான் அறிவித்தார்கள், வந்தது ஜி5. அந்த நாளில் அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் சோளம் விதைத்துக்கொண்டிருந்த விவசாயிகளின் ஜிபிஎஸ் டிராக்டர்கள் நின்றன.

6. நம் தலைக்கு மேலே நடப்பது

இந்தப் படியை அவசரமில்லாமல் படியுங்கள். மற்றதெல்லாம் உலகப் பொது, இது மட்டும்தான் நமக்கே நமக்கானது.

பூமியின் காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்முனை வழியாகவும் தாய்லாந்தின் தெற்குப் பகுதி வழியாகவும் போகிறது. நாம் அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறோம். உலகத்திலேயே அயனிமண்டலம் மிகத் தடிப்பாகவும் மிக நிலையற்றதாகவும் இருக்கும் பட்டை இது. ஆகவே சூரியனில் ஒன்றும் வெடிக்காத நாளிலும் நமக்குச் சிக்கல் வரலாம். கேபி 1 என்று அட்டவணை அமைதியாக இருக்கும், இங்கே கருவி ஃபிக்ஸ் ஆகாமல், அதாவது இடத்தைத் துல்லியமாகப் பிடிக்காமல் நிற்கும்.

முதல் சிக்கல் பிற்பகலில். காலையிலிருந்து வெயில் ஏற ஏற மின்னேற்றம் கூடி, பிற்பகல் 3 மணி முதல் 5 மணி வாக்கில் உச்சத்தைத் தொடுகிறது. ஜிபிஎஸ் சைகை அதைக் கடந்து வரும்போது தாமதமாகும். சூரியன் உச்சத்தில் உள்ள ஆண்டுகளில் இந்தத் தாமதம் தூரக் கணக்கில் 16 மீட்டரைக்கூடத் தாண்டும். ஒற்றை அலைவரிசைக் கருவி தன்னிடம் உள்ள எளிய மாதிரியை வைத்துப் பாதியளவுதான் திருத்திக்கொள்கிறது. செம்பனையை 9 மீட்டர் முக்கோணத்தில் நட்டால் நிரைக்கும் நிரைக்கும் இடைவெளி 7.8 மீட்டர். மிச்சம் நிற்கும் பிழையே டிரோனைப் பக்கத்து நிரைக்குத் தள்ளிவிடப் போதுமானது.

இதைக் கணிக்க உதவும் எண் எஃப்10.7 என்ற சூரிய வானொலி ஒளிர்வு. 27 நாள் கணிப்பில் ஒவ்வொரு நாளுக்கும் இருக்கும். சூரியன் தூங்கும் காலத்தில் 70 வாக்கில் கிடக்கும். 150ஐத் தாண்டினால் பிற்பகல் அளவையில் கவனம் தேவை. 200ஐத் தாண்டினால் எல்லைக்கல் போடும் வேலையைக் காலைக்கு மாற்றிவிடுங்கள். இந்த எண்ணெல்லைகள் என் அனுபவத்தில் வைத்துக்கொண்டவை, உங்கள் கருவிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டாவது சிக்கல் பொழுது சாய்ந்த பிறகு. இங்கே சூரியன் ஏழு, ஏழேகாலுக்கு மறைகிறது. கீழடுக்கில் மின்னேற்றம் சட்டென்று வடிந்துவிடும், மேலே அடர்த்தி அப்படியே நிற்கும். பாரமானது மேலேயும் லேசானது கீழேயும் இருந்தால் நிலைக்காது. உலையில் அடியிலிருந்து குமிழி எழுவதுபோல, மின்னேற்றம் குறைந்த குமிழிகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்துக்கு எழுகின்றன. அவற்றின் ஊடே வரும் செயற்கைக்கோள் சைகை மினுக்கும். சில கோள்கள் ஒரு நொடி தெரிந்து மறு நொடி காணாமல் போகும். இரவு 8 மணிக்குமேல் தொடங்கி நள்ளிரவு தாண்டி வரை இது நடக்கலாம். மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர் மாதங்களில்தான் அதிகம். அந்த மாதங்களில் காந்தக் கோட்டின் இரு முனைகளிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இருட்டுவதுதான் காரணம். சூரியன் உச்ச ஆண்டுகளில் இன்னும் மிகுதி. காற்று அடங்கிய பிறகு இரவில் மருந்து தெளிக்கும் டிரோன்காரர்கள் இந்த நான்கு மாதங்களைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காந்தப் புயல் வந்தால் குமிழி கூடுமா? நேரான பதில் இல்லை. சில புயல்கள் குமிழியை எழவிடாமல் அமுக்கிவிடுகின்றன. ஆனால் பிஇசட் திடீரென்று தெற்கே சாய்வது நம் மாலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும் இடையில் நடந்தால், அதாவது யுடிசி 10 முதல் 13க்குள், அயனிமண்டலம் மேலே தூக்கப்பட்டுக் கடுமையான குமிழிகள் எழ வாய்ப்பு அதிகம். ஆகவே கேபி எவ்வளவு என்பதைவிட எந்த மணிக்கு என்று கேளுங்கள்.

7. கருவி, செலவு, காகிதங்கள்

முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஜிபிஎஸ்டெஸ்ட் போன்ற இலவசச் செயலியைப் போட்டாலே ஒவ்வொரு கோளின் சைகை வலிமையும் தெரியும். வீட்டு வாசலில் திறந்த வெளியில் வைத்து இரவு 8 மணிக்கும் 10 மணிக்கும் பார்த்துப் பழகுங்கள்.

அடுத்த கட்டம் இரட்டை அலைவரிசைக் கருவி. அயனிமண்டலத் தாமதம் இரண்டு அலைவரிசையிலும் வெவ்வேறு அளவில் இருப்பதால், இரண்டையும் ஒப்பிட்டு அதன் பெரும்பகுதியைக் கருவியே கழித்துவிடும். பலகையாக வாங்கினால் சில நூறு ரிங்கிட்டிலிருந்து ஆயிரத்துக்கு மேல் வரை ஆகும், ஆண்டெனா தனி. அளவைக்கென்றே வரும் முழுக் கருவிகள் பல ஆயிரம். விற்பவர் காலை 9 மணிக்குக் கடை வாசலில் வைத்துக் காட்டுவார், ஐந்து நொடியில் ஃபிக்ஸ் ஆகும். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். மாலை 4 மணிக்கு உங்கள் பிளாக்கின் ஓரத்துக்கு வந்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். மினுக்கலை இரட்டை அலைவரிசையாலும் தடுக்க முடியாது என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஜிபிஎஸ் பிழையைக் கழிக்க வெளியிலிருந்து வாங்கும் திருத்தச் சைகைக்கு இரண்டு வழிகள். ஒன்று, நில அளவை வரைபடத் துறையான ஜுபெம் நடத்தும் மைஆர்டிகேநெட் சேவைக்குச் சந்தா கட்டுவது. தனியாள் என்றால் அடையாள அட்டை நகலும், நிறுவனம் என்றால் எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு நகலும் தயாராக வைத்துக்கொண்டு, கட்டணப் பட்டியலைத் துறையிடமே கேட்டு வாங்குங்கள், இடைத்தரகர் வேண்டாம். வேலை கையில் வந்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள். கணக்குத் திறந்து, கருவியில் அமைத்து, இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த ஓர் அளவைக்கல்லில் சரிபார்த்து முடிக்க நாட்கள் ஆகும். இன்னொன்று, சொந்தமாக ஒரு தளக் கருவி, அதாவது ஒரே இடத்தில் நின்று திருத்தம் அனுப்பும் இன்னொரு ஜிபிஎஸ் கருவி வைப்பது. முன்செலவு கூடுதல், மாதச் செலவு இல்லை. தளக் கருவிக்கும் வேலை இடத்துக்கும் தூரம் குறையக் குறைய இரண்டும் ஒரே அயனிமண்டலத்தைப் பார்ப்பதால் பிழை குறையும். சூரியன் சுறுசுறுப்பான ஆண்டுகளில் ஐந்து கிலோமீட்டருக்குள் வைத்துக்கொள்ளப் பாருங்கள்.

மருந்து தெளிக்கும் டிரோனுக்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் தனி, வான்வழிப் படமெடுத்து வரைபடம் போடுவதென்றால் ஜுபெம் அனுமதி தனி. விண்வெளி வானிலைக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை என்றாலும், ஒப்புதல் தாளில் குறித்த தேதிக்குள் வேலையை முடிக்க வேண்டியிருக்கும். ஆகவே தேதி கேட்கும்போது ஒரே நாளைக் கேட்காமல், தள்ளிப்போட இடம் வைத்துக் கேளுங்கள்.

சிற்றலையில் பேச ஆசைப்படுபவர்கள், மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்தின் அமெச்சூர் வானொலித் தேர்வை எழுதி அழைப்புக்குறி பெற வேண்டும். தேர்ச்சி பெறாமல் அனுப்பும் கருவியைத் தொடாதீர்கள்.

8. கோளாறு சூரியனுடையதுதானா

இதைப் படிக்கத் தொடங்கியவர்கள் எல்லாப் பழியையும் சூரியன்மேல் போடுவதைப் பார்த்திருக்கிறேன். முக்கால்வாசி நேரம் காரணம் செம்பனை மட்டைதான். பத்து வயது மரத்தின் கீழே வானம் பாதிகூடத் தெரியாது.

பிரித்தறிய ஒரு நல்ல வழி உண்டு. ஜிபிஎஸ் கோள்கள் வானத்தில் அதே அமைப்புக்குத் திரும்புவது 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு முறை. ஒரே இடத்தில் நின்று பார்க்கும்போது கோளாறு தினமும் 4 நிமிடம் முன்னதாக வருகிறது என்றால், மரமோ கூரையோ மறைக்கிறது. திறந்தவெளியிலும் வருகிறது, இருட்டிய பிறகு மட்டும் வருகிறது, மார்ச்சில் வந்து ஜூனில் குறைகிறது என்றால் அது அயனிமண்டலம். மழை பெய்யும்போது கூரைத் தட்டில் தொலைக்காட்சி நின்றுபோவது மழையால். மார்ச்சிலும் செப்டம்பர்–அக்டோபரிலும் சில நாட்கள் பகலில் சில நிமிடம் மட்டும் நிற்பது, சூரியன் அந்தச் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வருவதால். இரண்டுமே விண்வெளி வானிலை அல்ல.

அப்புறம் அந்தப் புலன (வாட்ஸ்அப்) செய்தி. இன்றிரவு பன்னிரண்டரை முதல் மூன்றரை வரை காஸ்மிக் கதிர்கள் பூமியை நெருங்குகின்றன, கைப்பேசியை அணைத்துத் தூர வையுங்கள் என்று ஆண்டுக்கு ஒரு முறையாவது நம் குடும்பக் குழுக்களில் சுற்றிவரும். முழுப் பொய். காஸ்மிக் கதிர்கள் எந்நேரமும் வந்துகொண்டேதான் இருக்கின்றன, கைப்பேசியை அணைப்பதால் எதுவும் மாறாது. அனுப்பியவர் பெரியவராக இருந்தால் குழுவில் வைத்து மறுத்துப் பேசாமல், தனியாகக் கூப்பிட்டு விளக்குங்கள். வயதானவர்கள் பயந்துபோய்ப் பிள்ளைகளின் அவசர அழைப்பைக்கூட எடுக்காமல் இருந்துவிடுகிறார்கள்.

9. குறிப்பேடு

தேதி, மலேசிய மணி, இடம், திறந்தவெளியா மரத்தடியா, தெரிந்த கோள்கள், ஃபிக்ஸ் ஆக எடுத்த நேரம், மழை உண்டா, அன்றைய கேபி, எஃப்10.7, பகலில் எம்5க்கு மேல் சுடர் உண்டா. இவ்வளவுதான். வேலை சரியாக நடந்த நாளையும் எழுதுங்கள். கெட்ட நாட்களை மட்டும் எழுதினால் எதோடு ஒப்பிடுவது? இரண்டு மார்ச், இரண்டு செப்டம்பர் கடந்த பிறகு, உங்கள் தோட்டத்துக்கு எந்த மணி ஆகாது என்பதை அந்த நோட்டு எந்த மையத்தைவிடவும் தெளிவாகச் சொல்லும். குத்தகைக்காரர் தாமதத்துக்குக் காரணம் கேட்டாலும் காட்ட ஒரு சான்று இருக்கும்.

10. எச்சரிக்கை வந்த நாளில்

ஜி3 அல்லது அதற்கு மேல் வாட்ச் வந்தால் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. முதலில் கேபி அட்டவணையை நம் மணிக்கு மாற்றுங்கள். துல்லியம் தேவைப்படும் வேலையைக் காலை 8 முதல் 12க்குள் முடிக்கும்படி மண்டோரிடம் (தோட்ட மேற்பார்வையாளரிடம்) முதல் நாளே சொல்லிவிடுங்கள், பெரட்டில் வந்து சொன்னால் ஆட்களைப் பிரித்து அனுப்பியிருப்பார்கள். வேலை தொடங்குமுன் தெரிந்த கல் ஒன்றில் அளந்து பாருங்கள், நடுவில் ஒரு முறை, முடித்ததும் ஒரு முறை. மூன்றும் ஒத்துப்போகவில்லை என்றால் அன்றைய அளவை எதையும் வரைபடத்தில் ஏற்றாதீர்கள்.

டிரோன் ஓட்டுபவர்கள் தானாக வீடு திரும்பும் உயரத்தை மரத்தின் உச்சிக்கு நன்றாக மேலே வைத்து, கையால் ஓட்டத் தெரிந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஃபிக்ஸ் விட்டுப்போனால் பத்து நிமிடம் தரையில் இறக்கிவைத்துப் பாருங்கள். திரும்ப வரவில்லை என்றால் தொட்டியில் மிச்சமுள்ள மருந்தைப் பாதுகாப்பாக எடுத்துவைத்துவிட்டு, இரவு 8:30க்கு வரும் புதிய அறிக்கையைப் பார்த்து மறுநாள் நேரத்தைக் குறியுங்கள்.